ஏழு பாகம்

பாம்பன் தெற்குவாடி, ஐஸ் கம்பெனி மாடி.
ஒரு மேசை, இரண்டு திரை,
கீழே பாளம் உடையும்போதெல்லாம்
நடுங்கும் ஒரு டம்ளர் தண்ணீர்.
தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
விசைப்படகுகள் கயிற்றில் கிடக்கின்றன.

ஆழம் பார்க்கும் கருவிக்கான புரோகிராம்.
அதில் ஒரு ஃபங்ஷன், அதற்கு ஒரே ஒரு உள்ளீடு:
படகுக்கு அடியில் எத்தனை பாகம் தண்ணீர்.
ஏழு என்று நானே அனுப்புகிறேன்.
ஃபங்ஷன் வாசலில் நில் என்கிறேன் டீபக்கரிடம்.
நிற்கிறது.
எவ்வளவு?
மூன்று கோடியே சொச்சம் என்கிறது.

மூன்று கோடிப் பாகம்!
மன்னார் வளைகுடாவுக்கு அவ்வளவு வயிறு கிடையாது.

அடுக்குக் காவல் இல்லாமல் கம்பைல் செய்தால் ஏழு.
காவலோடு செய்தால் மூன்று கோடி.
"அப்ப அதை அணைச்சுட்டு டெஸ்ட்ட ஓட்டு, பச்சை வந்துரும்"
கோயம்புத்தூரிலிருந்து குகனேசன்.
வரும்தான்.
ஆனால் படகில் ஏறப்போவது அணைத்த புரோகிராம் இல்லையே.

காவல் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை.
கடலுக்குப் போகிற விசைப்படகுக்கு
மீன்துறை ஆபீசில் டோக்கன் போடுவார்களே, அந்த மாதிரி.
நுழைகையில் ஒரு எண்ணை வாங்கி
அடுக்கில் வைக்கிறது ஃபங்ஷன்,
திரும்பிப் போகவேண்டிய முகவரிக்கு முன்னால்.
ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு எண்,
கடைசி இரண்டு இலக்கம் மட்டும் எப்போதும் பூஜ்யம்.
திரும்பும்போது அதே எண் இருந்தால் கரை.
ஒரு பிட் மாறியிருந்தாலும்
விசாரணை கிடையாது,
அந்த இடத்திலேயே கதை முடிந்தது.

கட்டளை கட்டளையாக இறக்கிப் பார்த்தேன்.
காவல் எண்ணின் விலாசத்தை எடு.
விலாசத்திலிருந்து எண்ணை எடு.
அடுக்கில் வை.
இதற்கெல்லாம் முன்னாலேயே விழுந்திருக்கிறது
என் பிரேக்பாயிண்ட்.
ஏழு இன்னும் ரெஜிஸ்டரில்தான் இருக்கிறது,
உள்ளங்கையில் பொத்திய சில்லறை போல.
அடுக்கில் அது வந்து உட்காரவேண்டிய இடத்தில்
முன்பு எந்த ஃபங்ஷனோ விட்டுப்போன குப்பை.
டீபக்கர் பொய் சொல்லவில்லை.
நான்தான் முந்திக் கேட்டேன்.

பதினோரு வரி சேர்த்தேன்.
இந்த மூன்று கட்டளையைக் கண்டால்
தாண்டிப் போய் நில்.
ரொம்பவும் தாண்டாதே,
இரண்டு வரி தள்ளி ஒரு கூட்டல் இருக்கிறது,
ஏழு எட்டாகிவிடும்.

சாயங்காலம் எஸ்கலின் அக்கா ஏறிவந்தார்,
இரண்டு படகின் கணக்கும் டீசல் கடனும் அவர் தலையில்.
"மிஷின் எப்பத் தருவ?"
இன்னும் ஓட்டிப் பார்க்கணும்க்கா.
திரையை உற்றுப் பார்த்தார்.
"ஏழுங்குது. எந்த இடத்துல ஏழு?"
எங்கேயும் இல்ல, சும்மா நானாப் போட்டது.
"போட்டியே, நல்லதாப் போடக்கூடாதா?
தீவுக்குத் தெக்க ஏழு பாகத்துல பாறை கெடக்கு.
போன வருசம் எங்க காத்தாடிய தின்னது அதுதான்."

புரொப்பெல்லரைச் சொல்கிறார் என்று புரிய
கொஞ்ச நேரம் ஆனது.

ஒன்பது போட்டேன்.
அவர் பின்னால் நிற்க, காவலோடு, ஓட்டினேன்.
நின்றது.
எவ்வளவு?
ஒன்பது.
"ம்" என்று இறங்கிப் போனார்.

முப்பத்து நான்கில் முப்பத்து மூன்று பச்சை.
ஒன்று சிவப்பு.
வேகத்துக்காகக் கம்பைலர் இறுக்கிய பதிப்பில்
கட்டளைகளின் வரிசை கலைந்து
காவலுக்கும் கூட்டலுக்கும் நடுவே
நிற்க இடமே இல்லை.
அந்த டெஸ்ட்டை நீக்கச் சொன்னான் குகனேசன்.
நீக்கவில்லை.
தெரிந்த தோல்வி என்று எழுதி, தேதி போட்டு,
சிவப்பாகவே விட்டேன்.

கீழே நாட்டுப்படகுக்குப் பாளம் உடைக்கிறார்கள்.
டம்ளரில் தண்ணீர் வட்டமாக அதிர்ந்து
நிற்பதற்குள்
அடுத்த அடி.